விளக்குக்காரிக்குப் பிறகு

ஆங்கிலத்தில் ஆறு தடிப் புத்தகங்களாக வந்த ஒரு கதை எனக்கு முழுக்கத் தெரியும். அதில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். என் ஆங்கிலம் கடைப் பலகைக்கும் சட்டைக் காலரில் தைக்கிற லேபிளுக்கும் போதும், அவ்வளவுதான். ஆறு புத்தகத்தையும் என் தங்கச்சி எனக்கு ரயிலில் வைத்து வாயாலேயே சொன்னாள்.

அப்போது நாங்கள் கோலார் தங்கவயலில் இருந்தோம். அப்பா வேலை செய்த சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் விடிந்ததும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருவோம். நான் கார்மெண்ட்ஸில் தையல். தங்கச்சி முதலில் காலேஜ், அப்புறம் ஒரு ஆபீசில் பில் போடுகிற வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். எங்கள் பெட்டியில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் காய் நறுக்குவார்கள், ஒரு கூட்டம் தாளம் போட்டுப் பாடும். அந்தக் கூச்சலுக்கு நடுவில் என் தங்கச்சி புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பிப்பாள்.

அதில் ராஜாக்கள் உண்டு, சண்டை உண்டு, பேசுகிற ஓநாய்கூட உண்டு. அதெல்லாம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. எனக்கு ஒட்டியது இரண்டு பேர்தான். ஒரு பெரிய மலை, மலைக்கு அடியில் யாருக்கும் முழுசாகத் தெரியாத சுரங்கப் பாதைகள், அதன் வாசலில் ஒரு கதவு. அக்கா கதவைக் காப்பாள். தங்கை கையில் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வழி தவறியவர்களைத் தேடிக் கூட்டிக்கொண்டு வருவாள். அவர்களுக்குப் புத்தகத்தில் என்னென்னவோ பேர் இருந்ததாம். எங்களுக்குக் கதவுக்காரி, விளக்குக்காரி. அவ்வளவுதான்.

அப்பா பூமிக்குள் இறங்கிப் போனதையும், விபத்து என்று மேலே சங்கு ஊதினால் லைன் வீட்டுப் பெண்கள் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடியதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தக் கதை யாருக்கு ஒட்டாமல் போனாலும் எங்களுக்கு ஒட்டாமல் போகுமா? வீட்டுக்குப் போய் நான் அப்பாவிடம் சொல்லுவேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "உள்ள காத்தோட்டமே இல்லாம அவ்ளோ நேரம் எப்படி வெளக்கு எரியும்? எழுதினவன் ஒரு நாள் ஷிஃப்ட் எறங்கியிருக்க மாட்டான்" என்பார். தங்கச்சிக்குக் கோபம் வரும். "உங்க சுரங்கம் வேற, இது வேறப்பா!" என்று கத்துவாள்.

அந்த மலை ஜனங்கள் எதற்கெடுத்தாலும் காபி குடிப்பார்கள். கதவுக்காரிக்குக் காபி போடவே வராது. சர்க்கரை போட மறந்துவிடுவாள். விளக்குக்காரி சுரங்கத்திலிருந்து வெளியே வந்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். எங்கள் வீட்டில் சர்க்கரை மறக்கிறவள் நான். உலகத்தில் எல்லா ஊர் அக்காக்களும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புத்தகங்களில் காபி என்ற பேச்சே கிடையாது என்று எத்தனையோ வருஷம் கழித்து ஒரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கச்சியைக் கேட்டேன். "உனக்குப் புரியணும்னு போட்டேன், இப்ப என்ன அதுக்கு?" என்றாள்.

நாலாவது புத்தகத்துக்கும் ஐந்தாவது புத்தகத்துக்கும் நடுவில் அம்மா போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். ஃபாக்டரியில் காலரைத் திருப்பித் தைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரயிலில் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி வருவேன். தங்கச்சியும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் அவளாகவே ஐந்தாவது புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

அந்தப் புத்தகத்தின் கடைசியில் மலைக்கு அடியில் பெரிய சண்டை. விளக்குக்காரி உள்ளே போகிறாள். பாதை மூடிக்கொள்கிறது. மூன்று நாள் தங்கச்சி அதைத் தாண்டிப் போகவே இல்லை. "நாளைக்குச் சொல்றேன், தலை வலிக்குது" என்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில், ரயில் கிருஷ்ணராஜபுரம் தாண்டும்போது சொன்னாள்: கதவுக்காரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள், உள்ளே தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது, வெளிச்சம் கிட்டே வருகிறது. நான் வாய்விட்டு அழுதேன். அம்மாவுக்குக்கூட அப்படி அழவில்லை. எதிர்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் பயந்துபோய், "யாரும்மா செத்துட்டாங்க?" என்றாள். "யாரும் சாகல, வந்துட்டா!" என்றேன். அன்று ஃபாக்டரியில் ஒழுங்காகத் தைத்தேன்.

ஆறாவது புத்தகத்தில் மட்டும் தங்கச்சி சொல்கிற விதம் மாறியது. ஒரு பக்கத்தைத் திருப்பாமலே அரை மணி நேரம் சொல்வாள். சில சமயம் புத்தகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி சொல்வாள். "என்னடி, அதே பக்கத்துல இவ்ளோ கதையா?" என்று கேட்டால், "பொடி எழுத்துக்கா" என்பாள். நான் நம்பினேன். ஆங்கிலம் தெரியாதவளை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம்!

பிறகு கதை முடிந்தது. எழுதினவர் இனி எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் காலை ரயிலில் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இப்ப அவங்க என்னடி பண்ணுவாங்க?" என்றேன். "யாரு?" "கதவுக்காரியும் விளக்குக்காரியும்தான். கதை முடிஞ்சுதுன்னா அவங்களும் வேலைய விட்டுட்டுப் போயிடுவாங்களா?" தங்கச்சி யோசித்துவிட்டுச் சொன்னாள், "நீயே சொல்லேன்." அப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாணமாகி நான் லிங்கராஜபுரத்துக்கு வந்தேன். அவள் ஜீவனஹள்ளிக்கு வாழ்க்கைப்பட்டாள். நடந்து போகிற தூரம்தான். எங்களுக்கு அந்தப் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்த லெண்டிங் லைப்ரரி அவள் தெருவிலேயே இருந்தது. வாடகைக்குப் புத்தகம் எடுக்கிற பழக்கம் போன பிறகு லைப்ரரி நடத்திய அண்ணன் அதை ஜெராக்ஸ் கடையாக மாற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்காருவோம். நாலு பேர். நீலசந்திராவிலிருந்து ஒரு பெண் வருவாள், கால் சென்டரில் வேலை, ஆறு புத்தகத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறவள். அவளுக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து தங்கச்சி. கடைசியில் அண்ணன். பக்கத்து பேக்கரியிலிருந்து ஒன்றை இரண்டு பேர் பங்கிட்டுக் குடிக்கிற பை-டூ காபி இரண்டு வரும். பேப்பர்க் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, எழுதினவர் விட்ட இடத்திலிருந்து நாங்கள் சொல்லிக்கொண்டே போனோம்.

விதி மூன்றே மூன்று. உட்கார்ந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். ஒருவர் வராவிட்டால் அவர் முறையை வேறு யாரும் எடுக்கக் கூடாது. அவர் வரும் வரை கதை நிற்கும். மூன்றாவது, சொன்னது சொன்னதுதான். ஒருவர் சொன்னதை அடுத்தவர் அழிக்கக் கூடாது, அவரேகூட அழிக்கக் கூடாது. இந்த மூன்றாவது விதியைக் கொண்டுவந்தது நான்தான். நீலசந்திராப் பெண் எதற்கெடுத்தாலும் "சாரி சாரி, அது வேணாம், மாத்திக்கிறேன்" என்று குழப்புவாள். ஒரு நாள் சத்தம் போட்டு விதியாக்கினேன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். ஃபாக்டரியில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசராக இருந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்?

கதவுக்காரி எப்போதும் என் பொறுப்பு. விளக்குக்காரி தங்கச்சியுடையவள். கதவுக்காரிக்கு வயசானதும் முட்டி வலி வந்தது. விளக்குக்காரி உள்ளே போகும்போதெல்லாம் அக்காவுக்காக ஒரு பச்சிலை தேடிக்கொண்டு வருவாள். எழுதினவருக்கு இதெல்லாம் தெரியுமா என்ன! சண்டை முடிந்து ராஜாக்கள் அரண்மனைக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். வருஷக்கணக்கில் அப்படிச் சொன்னோம். ஒருவருக்கு உரிய ஆளை இன்னொருவர் சாகடிக்கக் கூடாது என்று ஒரு விதி தேவைப்படும் என்று எங்கள் நாலு பேரில் யாருக்கும் தோன்றவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின ஞாயிறு. தங்கச்சி தாமதமாக வந்தாள். வந்ததும் பேப்பர்க் கட்டில் சாய்ந்துகொண்டாள். காபியைத் தொடவில்லை. அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் அப்படித்தான். கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருஷம் தவறாமல் தங்கவயலுக்குப் போய் அம்மா, அப்பா கல்லறையைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம்.

"காலைல மொத ரயிலு. பூ நான் வாங்கிக்கிறேன், மெழுகுவத்தி உன் பொறுப்பு" என்றேன்.

"நான் வரலைக்கா. வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"இருக்குக்கா. விடேன்."

"அம்மாவை விடப் பெரிய வேலையா?"

"ஆமான்னு வெச்சுக்கயேன்" என்றாள்.

அந்த 'ஆமா' எனக்கு நெஞ்சில் தீ வைத்தது. நான் கத்த வாயெடுத்தேன். ஜெராக்ஸ் அண்ணன் குறுக்கே புகுந்து, "ஸ்வல்ப பொறுங்கம்மா. கதைக்கு வாங்க. யாரு முறை?" என்றார். என் முறை.

நான் சொன்னேன். விளக்குக்காரி உள்ளே போயிருக்கிறாள். கதவுக்காரி வாசலில் நிற்கிறாள். கால் நடுங்குகிறது, முட்டி வலி என்று நினைக்கிறாள். முட்டி இல்லை, பூமி. வீட்டுக்குள் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அதற்கு அப்புறம்தான் சத்தம் வருகிறது. எங்கள் ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். பூமிக்கு அடியில் பாறை மேல்பாரம் தாங்காமல் தானாகவே வெடிப்பது. அப்பா சொன்னது அத்தனையும் எனக்கு வரி வரியாக ஞாபகம் வந்தது. "கதவு வழியா மொதல்ல தூசிதான் வந்துச்சு. ரொம்ப நேரம் தூசி மட்டும்தான். சங்கு ஊதினாங்க. தோண்டினாங்க. மூணாம் நாள் வெளக்கை எடுத்தாங்க, நசுங்கிப் போய். அவ வரல. செத்துட்டா" என்று சொல்லி முடித்தேன்.

ஜெராக்ஸ் அண்ணனின் மாமனாரும் சுரங்கத்தில் இருந்தவர். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓநாயோ மந்திரமோ கொன்றிருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். இது எங்கள் ஊர் சாவு. இதை யார் மறுத்துப் பேசுவது? தங்கச்சி என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பயந்துபோனவள் மாதிரி பார்த்தாள். "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் மெதுவாகக் குனிந்து வெளியே போனாள்.

நான் தனியாகத் தங்கவயலுக்குப் போனேன். மெழுகுவத்தி ஏற்றும்போதுகூட, பார்த்தாயா அம்மா உன் சின்ன மகளை என்று கோள் சொன்னேன். வந்த பிறகு அவளுக்கு ஃபோன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை. அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போவோம், ஏனென்றால் அது அவள் முறை.

"அண்ணா, அவ முறையைத் தாண்டிட்டு நீங்க சொல்லுங்களேன்" என்றேன் ஒரு நாள்.

"அது எப்படிம்மா? அவங்க வரட்டும்."

நீலசந்திராப் பெண், "அக்கா, நீங்க ஒரு சாரி சொல்லிடுங்க. பேஜாரா இருக்கு" என்றாள்.

"நான் எதுக்குடி சொல்லணும்? கதைதானே? நெசத்துல யாரையாச்சும் கொன்னுட்டேனா?" என்று அவள்மேல் பாய்ந்தேன். இந்த வார்த்தையை நான் வாயால் சொன்னேன். எத்தனை தடவை வாயைக் கழுவினாலும் போகாது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செக்யூரிட்டி வந்து, உங்களைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்றான். ஃபாக்டரி வாசலில் தங்கச்சி வீட்டுக்காரர் நின்றார். நல்ல மனுஷர், அதிகம் பேச மாட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார். கர்ப்பப்பை பக்கத்தில் கட்டி. அது வயிறு முழுக்கப் பரவிவிட்டது. கல்லறைத் திருநாளன்றுதான் ஸ்கேனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். ஊசி மருந்து இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. டாக்டர் இனி நாள் கணக்குச் சொல்ல முடியாது என்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவர் சட்டையைப் பிடித்தேன்.

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. அக்கா அழுதுகிட்டு இருக்கிறதுக்குக் கோவமா இருந்தாலே தேவலைன்னா."

நான் நேரே அவளிடம்தானே ஓடியிருக்க வேண்டும்? ஓடவில்லை. ஆட்டோ பிடித்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. விளக்குக்காரியை வெளியே கொண்டுவந்துவிட்டால் என் தங்கச்சியும் வெளியே வந்துவிடுவாள் என்று எனக்குள் ஏதோ முடிச்சுப் போட்டுக்கொண்டது. கடையில் காலேஜ் பசங்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணா, விதியை மாத்தணும். நான் சொன்னதை நானே அழிக்கணும். அவளை வெளியே கொண்டுவரணும்" என்றேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். பசங்களை அனுப்பிவிட்டு என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதம்மா. புத்தகத்துல வெளக்குக்காரி அஞ்சாவது பாகத்துலயே செத்துட்டா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் உள்ளே போய் அட்டை கிழிந்த ஐந்தாவது புத்தகத்தை எடுத்துவந்து கடைசிப் பக்கங்களைப் பிரித்துக் காட்டினார். நான் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். எனக்குப் புரிந்த வரைக்கும் அது ஒரு சின்னப் பத்தி. பாதை மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவள் இல்லை. தூரத்தில் வெளிச்சம் இல்லை, கதவு வரைக்கும் யாரும் வரவில்லை. ஆறாவது புத்தகம் முழுக்கவும் அவள் இல்லையாம். நான் ரயிலில் கேட்டதெல்லாம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னதெல்லாம், அவளே கட்டியது.

"உன்னை இங்க மொத தடவை கூட்டிட்டு வந்தப்பவே எங்க ரெண்டு பேரையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டா. அக்காவுக்கு வெளக்குக்காரி உயிரோட இருக்கா, தயவுசெஞ்சு யாரும் சொல்லிடாதீங்கன்னு. அதனாலதான் நாங்களும் அவளை வெச்சே சொல்லிட்டு வந்தோம்."

அத்தனை வருஷம் மூன்று பேர் எனக்காக ஒரு செத்தவளை நடமாட விட்டிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் அவளைப் பாறைக்கு அடியில் போட்டுவிட்டேன். கடை ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் வீட்டுக்குப் போனபோது வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. முடியெல்லாம் போய், தலையில் ஒரு துணி கட்டியிருந்தாள். கை குச்சியாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? அவரு வாயைத் தொறந்துட்டாரா?" என்றாள்.

நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கவெல்லாம் எனக்குத் தெரியாது. படபடவென்று கதையைத்தான் ஆரம்பித்தேன். "வெளக்குக்காரி சாகலடி. தூசிக்குப் பின்னால ஒரு சந்து இருந்துச்சு, வெளக்கை விட்டுட்டு அவ அந்தச் சந்து வழியா..."

"வேணாம்க்கா" என்று கையைத் தூக்கினாள். "சொன்னது சொன்னதுதான். நீ போட்ட விதி."

"நாசமாப் போற விதி!"

"நீ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா பேசறாப்லயே இருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "அன்னிக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுக்கா. டாக்டர் சந்தேகம்னு சொல்லி ரெண்டே நாள்தான் ஆயிருந்துச்சு. நீ எப்படியோ கண்டுபிடிச்சிட்டே, அதான் இப்படிச் சொல்றியோன்னு நெனச்சேன்."

அவள் கால் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தன. "அஞ்சாவது புத்தகத்துல ஏண்டி பொய் சொன்ன?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அண்ணன் சொல்லிட்டாரா? வாயில ஒண்ணும் நிக்காது அந்த மனுஷனுக்கு. வேற என்ன பண்றது? அம்மா போய் நீ பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருந்தே. புத்தகத்தைப் பாத்தா இவளும் செத்துக் கெடக்கா. மூணு நாள் முழிச்சேன். அப்புறம், எழுதினவனாவது மண்ணாவதுன்னு வெளிய கொண்டாந்துட்டேன்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "ஒரு தடவை காப்பாத்திட்டேன்க்கா. ரெண்டாவது தடவை முடியல" என்றாள். நான் அழுததை அவள் தடுக்கவில்லை.

அப்புறம் கேட்டாள், "இப்ப என் முறைதானே? இன்னும் யாரும் எடுத்துக்கலியே?"

"யாரும் எடுத்துக்கல. காத்துக்கிட்டிருக்கோம்."

"அப்ப நான் சொல்றேன். ஞாபகம் வெச்சு அண்ணன்கிட்டச் சொல்லு. மாத்தாம சொல்லணும்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். ரயிலில் ஆரம்பிப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பாளே, அதே மாதிரி பார்த்தாள். "வெளக்குக்காரியை அடக்கம் பண்ணிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. மறுநாள் காலைல கதவுக்காரி எழுந்தா. மூஞ்சி கழுவினா. அடுப்பைப் பத்த வெச்சா. அழுதுகிட்டேதான் காபி போட்டா. ஆனா அன்னிக்கு சக்கரை போட்டா."

நான் காத்திருந்தேன். "அப்புறம்?"

"அவ்ளோதான். அதுக்கப்புறம் அண்ணன் முறை."

அந்த ஞாயிறு நான் அதை ஒரு எழுத்து மாற்றாமல் ஜெராக்ஸ் கடையில் சொன்னேன். நீலசந்திராப் பெண் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். அண்ணன், "என்னால இப்ப முடியாதும்மா" என்றார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

தங்கச்சி அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தாள். நான் ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு தினமும் போனேன். அவளுக்குத் துணி மாற்றிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கதையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. மறுநாள் அடக்கம். மண் போடும்போது அண்ணனும் அந்தப் பெண்ணும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அடக்கம் முடிந்து என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தார்கள். விடிந்ததும் கண் திறந்தேன். என் நாத்தனார் எனக்குத் துணையாகத் தங்கியிருந்தாள். நான் எழுந்திருப்பதைப் பார்த்து, "படு படு. பக்கத்து வீட்டுல டிபன் செஞ்சு அனுப்புறாங்க. துக்கத்துல அடுப்படிக்கு ஏன் போற?" என்றாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். பாலைக் காய்ச்சி, டிகாஷன் ஊற்றினேன். கண்ணீர் டம்ளரில் விழுகிறதா, வெளியே விழுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையிலேயே சாய்ந்து நின்று ஒரு வாய் குடித்தேன்.

கசந்தது. சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

அவள் முகத்தைச் சுளிப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. "போடறேன்டி, போடறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, சர்க்கரை டப்பாவைத் திறந்தேன்.